மீசை முளைத்த ஷீட்

1

இந்தக் கதை எனக்கு வந்ததே நன்றி சொல்லத் தெரியாததால்தான். தம்பி மகளின் முழங்கைத் தழும்பு இளகியிருக்கிறது என்று தெரபிஸ்ட் சொன்ன அன்று, அந்தத் தெரபிஸ்ட் பெண்ணைப் பார்த்துக் கைகூப்பினேன். வார்த்தை வரவில்லை. எழுத்தாளன் என்று பெயர்தான் பெரிசு. சரி, எழுதியாவது பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் வரி: ‘கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரம் சரிந்தபோது வாலு —’

வாலு (வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர், ஏழு வயது) பின்னால் நின்று எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டாள்.

“பெரியப்பா, அது வேணாம். மீசை கதைய எழுதுங்க.”

ஆகவே விபத்து இந்தக் கதையில் இல்லை.

2

மீசைக்கு முன் கொஞ்சம் விளக்கம். (பொறுத்துக்கொள்ளுங்கள், கட்டுரை எழுதிய கை.) வெந்த புண் ஆறிய பிறகும் தொல்லை விடாது. தழும்பு தடித்து மேடேறும், அரிக்கும், மூட்டை இழுத்துப் பிடிக்கும். அதை அடக்க மெல்லிய சிலிக்கோன் ஷீட் ஒட்டுவார்கள். கழற்றி, கழுவி, காற்றில் உலர்த்தி, மறுபடி ஒட்டவேண்டும். மாதக்கணக்கில்.

வாலு மசியவில்லை. ஒட்டினால் பிய்த்தாள். முழுக்கைச் சட்டைக்குள் கையை ஒளித்துக்கொண்டாள். தெருப்பக்கம் விளையாடப் போவதே நின்றுபோனது.

3

தம்பி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். பளபளப்பாக எதைக் கண்டாலும் துடைக்காமல் இருக்கமாட்டான். (என் கண்ணாடியை என் மூக்கிலிருந்தே கழற்றித் துடைப்பான்.) ஒருநாள் ஷீட்டைக் கழுவி, புதுத் துண்டால், லென்ஸைத் துடைப்பது போலவே ஓரம் ஓரமாகத் துடைத்தான். துண்டின் பஞ்செல்லாம் ஷீட்டில் ஏறிக்கொண்டது.

“அப்பா, இதுக்கு மீசை முளைச்சிருச்சு!”

விழுந்து விழுந்து சிரித்தாள். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு. [‘அந்தச் சிரிப்பு ஏதோ ஒரு’ என்று ஓர் உவமையைத் தொடங்கி விட்டுவிட்டேன். சிரித்தாள், போதும்.]

தம்பி முகம் தொங்கிப்போனது. “நல்லா துடைச்சா நல்லதுன்னு நெனச்சேம்மா.”

“குடுங்கப்பா. உங்களுக்குத் துடைக்காம இருக்க வராது. நானே பாத்துக்கிறேன்.”

சோப்பு நுரையில் மீசையை வழித்தாள், டப்பா மூடியில் காயப்போட்டாள், தானே ஒட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து அது அவள் வேலை. தெரபிஸ்டுக்கு எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேனோ, அந்தத் துண்டுக்கும் அவ்வளவு.

4

முடிவு ஒன்று: தழும்பு மறைந்தே போனது.

“பொய். லேசாகும், முழுசா போகாதுன்னு தெரபி அக்கா சொன்னாங்கல்ல?”

முடிவு இரண்டு: அரைக்கைச் சட்டையில் தெருவில் போகிறாள், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

“பாப்பாங்க பெரியப்பா. பாக்கட்டும். ‘ஐயோ பாவம்’னு மட்டும் சொல்லக்கூடாது.”

மூன்றாவதை நான் எழுதப்போவதில்லை. இதோ, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறாள். அரைக்கைச் சட்டை, விபத்துக்குப் பிறகு முதல் தடவை. முழங்கையில் ஷீட் நன்றாகவே தெரிகிறது. என்னைக் கூட வரவேண்டாம் என்றுவிட்டாள்.

தெருவில் நான் இருக்கமாட்டேன். நீங்கள்தான் இருப்பீர்கள். உங்களைத் தாண்டித்தான் போவாள். என்ன பேசுவதென்று தெரியாவிட்டால், மீசையைப் பற்றிக் கேளுங்கள்.