கொக்கியில் பாரம் தொங்கும்போது

நான்கு மாத விடுப்புக்குப் பிறகு வேலைக்குக் கிளம்பிய அன்று கிரேன் ஆபரேட்டர் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. முந்தைய நாள் மத்தியானத்திலிருந்தே சாப்பாட்டை நிறுத்தியிருந்தார். உள்ளே எதுவும் போகாவிட்டால் வெளியே என்ன வந்துவிடப் போகிறது என்பது அவர் போட்ட கணக்கு.

“வெறும் வயித்துல மாத்திரை போடக்கூடாதுன்னு டாக்டரம்மா படிச்சுப் படிச்சு சொன்னாங்க,” என்றாள் மனைவி.

“அப்ப இன்னிக்கு மாத்திரையும் வேணாம்.”

“நல்லாயிருக்கு உங்க வைத்தியம். சூப்பர்வைசர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாத்தான் என்ன? தலையவா வாங்கிடப் போறாரு?”

“முதுகுவலின்னு லீவு எடுத்தவன் இப்பப் போய் என்னன்னு சொல்றது? விடு.”

அவள் விட்டுவிட்டாள். ஆனால் கதவைப் பிடித்துக்கொண்டு, அவர் தெருமுனை திரும்பும்வரை நின்றாள்.

அவருக்குப் பெருங்குடலில் புண். வலியும் ரத்தப்போக்கும் மருந்தில் ஓரளவு அடங்கிவிட்டன. அடங்காதது அந்த அவசரம்தான். வயிறு முறுக்கிவிட்டால் அந்த நிமிஷமே போயாக வேண்டும். வேலை செய்யும் இடத்தில் கழிவறை பக்கத்தில்தானே என்று டாக்டர் கேட்டபோது, “கூப்பிடு தூரம்தான் டாக்டர்,” என்று சொல்லியிருந்தார். முழுப் பொய்யும் இல்லை. கேபினிலிருந்து எட்டிப் பார்த்தால் கழிவறையின் தகரக் கூரை நேர் கீழே தெரியும். நடுவில் இருபது மாடி உயரத்துக்கு இரும்பு ஏணி, அவ்வளவுதான்.

முதுகுவலி என்று சொன்னதற்கும் காரணம் இருந்தது. முதுகு போனது என்றால் உழைத்து ஓய்ந்தவன் என்று ஒரு மரியாதை. வயிறு என்றால் சிரிப்பு. அதிலும் இந்த வயிறு என்றால் சொல்லவே வேண்டாம்.

சைட்டில் அவரை முதலில் பார்த்தவன் விசில். கொக்கியில் பாரம் மாட்டி, கீழேயிருந்து ஆபரேட்டருக்கு வழி சொல்லும் சிக்னல்காரன். வாக்கி-டாக்கி வந்த பிறகும் கழுத்தில் ஊதலைத் தொங்கவிட்டிருந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

“அண்ணே! என்னண்ணே, பாதி ஆளா வந்திருக்கீங்க? மீதிய வீட்லயே வச்சிட்டு வந்துட்டீங்களா?”

“மீதி அப்புறமா வரும்டா,” என்று சிரித்து மழுப்பிவிட்டு ஏணியில் கை வைத்தார்.

முன்பெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறுவார். இன்று ஒவ்வொரு படித்தட்டிலும் நின்று மூச்சு வாங்கினார். கேபினுக்குள் விழுந்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தார். பிறகு நெம்புகோல்களைப் பிடித்தார். கை மறக்கவில்லை. கம்பிக்கட்டுகளைத் தூக்கினார், பலகைகளை இறக்கினார். காலை வேலை வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. பயந்ததெல்லாம் வீண் என்றுகூடத் தோன்றியது.

மத்தியானத்துக்கு முன்னால் கான்கிரீட் லாரிகள் வந்து வரிசை கட்டின. தளம் போட ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக் கூடாது. பாதி இறுகி, பாதி ஈரமாக இருந்தால் அந்த இடத்தில் விரிசல் விடும். சூப்பர்வைசர் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடினார். வாக்கி-டாக்கியில் எல்லோரையும் விரட்டினார். சைட் முழுவதற்கும் ஒரே அலைவரிசை. ஒருவர் தும்மினால் எல்லோருக்கும் கேட்கும்.

ஆள் உயர இரும்புப் பக்கெட்டில் நாலைந்து தடவை கான்கிரீட் மேலே போனது. அடுத்த தடவை தூக்கும்போது வயிறு மெல்ல முறுக்கியது.

இல்லை, ஒன்றும் இல்லை. உள்ளேதான் எதுவுமே இல்லையே. பல்லைக் கடித்தார். பக்கெட்டை இறக்கி, காலிப் பக்கெட்டைத் திருப்பி அனுப்பினார். முறுக்கு விட்டது. முதுகில் வேர்வை ஓடியது. ‘இது ஒண்ணு, அப்புறம் இன்னும் ஒண்ணு’ என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு அடுத்த பக்கெட்டைத் தூக்கினார்.

“இடது பக்கம்ணே... இன்னும் கொஞ்சம்... மெதுவா... ஆட்கள் இருக்காங்க, மெதுவா...”

பக்கெட் சரியாகத் தளத்துக்கு மேல் போனபோது அது வந்தது. வயிற்றைக் கத்தியால் கிளறியது போல ஒரு இழுப்பு. உடம்பு தானாக மடங்கியது. நெம்புகோல் கையோடு சாய்ந்தது. பாரம் நிறைந்த பக்கெட் ஊஞ்சல் மாதிரி வீசி ஆடியது. கீழே ஆட்கள் சிதறி ஓடினார்கள். ஒரு கொத்தனார் கம்பியில் கால் தடுக்கிக் குப்புற விழுந்தார். அவர் விழுந்த இடத்துக்கு மேல் பக்கெட் உரசாத குறையாகக் கடந்து போனது.

ஊதல் கிழிந்துவிடும்போல விசில் ஊதினான்.

“நிப்பாட்டு! நிப்பாட்டு! என்னண்ணே ஆச்சு?”

“காத்து,” என்றார் ஆபரேட்டர்.

விசில் சுற்றுமுற்றும் பார்த்தான்.

“இங்க ஒரு பிளாஸ்டிக் பைகூட அசையலண்ணே.”

கொத்தனார் எழுந்து உள்ளங்கையைப் பார்ப்பது சின்னதாகத் தெரிந்தது. தோல் உரிந்திருக்கும். தலையே போயிருக்கலாம். ஆபரேட்டருக்கு உடம்பெல்லாம் வெடவெடத்தது. பசியா, பயமா, நோயா என்று பிரிக்க முடியவில்லை. அடுத்த இழுப்பு எந்த நொடியிலும் வரும். கொக்கியில் பாரம் தொங்கும்போது ஆபரேட்டர் இருக்கையைவிட்டு எழுந்திருக்கக் கூடாது. எழுந்திருக்காமல் இருந்தால் இன்னொரு தடவை கை சாயும்.

“ஆட்கள எல்லாம் ஓரமாப் போகச் சொல்லு,” என்றார். “பக்கெட்டத் தரையில வைக்கப் போறேன்.”

“தரையிலயா? கான்கிரீட் இருக்கேண்ணே!”

“சொன்னதச் செய்டா.”

பக்கெட்டை வெளிப்பக்கம் திருப்பினார். கொக்கி அங்குலம் அங்குலமாக இறங்கியது. வலி மேலே ஏறியது. உதட்டைக் கடித்ததில் வாயில் உப்புக் கரித்தது. விசில் இப்போது கத்தவில்லை. குழந்தையை நடத்திப் பழக்குவது போல, “வாங்கண்ணே... வாங்க... அவ்வளவுதான்... வந்துடுச்சு...” என்றான். பக்கெட் மண்ணைத் தொட்டது.

அதற்குள் சூப்பர்வைசர் அலைவரிசையில் பாய்ந்தார். “யாருய்யா தரையில வைக்கச் சொன்னது? லாரி நிக்குது! தூக்குங்க!”

ஆபரேட்டர் பொத்தானை அழுத்தினார். எல்லோரும் கேட்பார்கள் என்று தெரியும். “சார், நான் இறங்கறேன். எனக்குக் குடல்ல நோய். நாலு மாசம் லீவு அதுக்குத்தான், முதுகுவலி இல்ல. இப்ப உடனே கழிவறைக்குப் போகணும்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இன்னொரு குரல், “அய்யோ, கீழ நிக்கிறவன்லாம் குடை பிடிங்கடா!” என்றது.

“இன்னும் கொஞ்சந்தானே பாக்கி,” என்றார் சூப்பர்வைசர். “அடக்கிக்க முடியாதா?”

“அடக்கறதுக்கு இது கோவம் இல்ல சார். இப்ப ஒரு ஆள் தலை தப்பிச்சது. ராத்திரி ஷிப்டு ஆள எழுப்பி மேல அனுப்புங்க.”

மோட்டாரை நிறுத்திவிட்டு ஏணியில் இறங்கினார்.

பாதி தூரம்கூட வரவில்லை. ஒரு படித்தட்டில் கால் வைக்கும்போது உடம்பு அவர் கையைவிட்டுப் போய்விட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சூடாகக் காலில் இறங்கியது. ரத்தமும் இருக்கும் என்று தெரியும். ஐம்பது வயதில், பட்டப்பகலில், ஒரு சைட்டே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது. மேலேயும் போக முடியாது, கீழேயும் போக முடியாது. அப்படியே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

கீழே விசிலின் குரல் முழங்கியது. “யாரும் கிரேன்கிட்ட வராதீங்க! மேலேருந்து கிரீஸ் ஒழுகுது! தள்ளு, தள்ளு!”

கொஞ்ச நேரத்தில் ஏணி அதிர்ந்தது. விசில்தான் ஏறி வந்தான். ஒரு கையில் தண்ணீர் கேன், தோளில் அவன் மழையில் போடும் கால்சட்டை. முகத்தைப் பார்க்காமல் நீட்டினான்.

“மாட்டிக்குங்கண்ணே. எனக்கே தொளதொளன்னு இருக்கும், உங்களுக்குக் கூடாரம் மாதிரி இருக்கும்.”

“போடா கீழ. நாறுது.”

“நாறாம? சும்மா கழுவுங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்.” திரும்பிக்கொண்டு, கொஞ்சம் பொறுத்துச் சொன்னான். “என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ணே. நாள் முழுக்க உங்க காதுலதான இருக்கேன்.”

ஆபரேட்டர் கேன் மூடியைத் திறந்தார்.

ராத்திரி ஷிப்டுக்காரர் தூக்கக் கலக்கத்தில் எல்லோரையும் திட்டிக்கொண்டே ஏறி, தளத்தை முடித்துக் கொடுத்தார். ஒரு லாரி கான்கிரீட் வீணாய்ப் போனது. சாயங்காலம் சூப்பர்வைசர் அறையில் பாதுகாப்பு அதிகாரியான ஒரு பெண்மணியும் இருந்தார். நோயைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று மட்டும் கேட்டார். ஆபரேட்டர் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார்.

“வயிறு உங்களுக்கு வந்த கஷ்டம். பட்டினியோட அந்த உயரத்துல உக்காந்தது நீங்க செஞ்ச தப்பு. டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் நீங்க கீழதான்.”

“அதுக்கப்புறமும் தனியா ஏற மாட்டேன் மேடம்,” என்றார் ஆபரேட்டர். “மாத்து ஆள் ஒருத்தர் கீழ தயாரா இருக்கணும். பாரம் இல்லாத நேரமா இறங்கிக்கிறேன்னு நான் சொன்னா யாரும் ஏன்னு கேக்கக் கூடாது.”

“ஆளுக்கு நான் எங்க போவேன்?” என்று சூப்பர்வைசர் முணுமுணுத்தார். பார்க்கலாம் என்றார். முடியாது என்று சொல்லவில்லை.

போகிற வழியில் ஆபரேட்டர் கொத்தனாரைத் தேடிப் போனார். உள்ளங்கையில் கட்டுப் போட்டிருந்தது. மன்னிப்புக் கேட்டதும் அவர், “போய் உடம்பப் பாருங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். கோபமா, கூச்சமா என்று தெரியவில்லை.

கூடாரம் போன்ற கால்சட்டையில் வந்து நின்றவரைப் பார்த்ததுமே மனைவிக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

“வாக்கி-டாக்கியிலயா?” என்றாள். “கட்டினவகிட்ட ரத்தம் போறதச் சொல்றதுக்கு ஆறு மாசம் எடுத்துக்கிட்டீங்க. ஊருக்கு ஒரே நிமிஷத்துல சொல்லிட்டீங்களா?”

சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பாதியில் அது அழுகையாகிவிட்டது. அவர் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய், சோற்றைக் குழையப் பிசைந்து எடுத்து வந்தாள். பயந்து பயந்துதான் முதல் வாயை விழுங்கினார்.

“நாளைக்குக் கீழ வேலை,” என்றார். “விசில் சொல்றபடி கொக்கி மாட்டணும்.”

“மாட்டுங்க. இப்ப அந்த மாத்திரைய எடுங்க,” என்றாள் அவள்.