ஏழு மணி வெந்நீர்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் பின்சுவரை ஒட்டி, சலவை இயந்திரங்களுக்குத் தினமும் கரண்ட் தரும் ஜெனரேட்டர் அறை. அதைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்கை எல்லாரும் டீசல் என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வருஷமாக ஒரே இன்ஜினோடு குடித்தனம் நடத்துகிறவன் என்று கேலி வேறு. அவன் மறுத்ததில்லை. மறுக்கவும் தெம்பு வேண்டுமே.

இன்ஜின் குடிக்கிற டீசலில் மூன்றில் ஒரு பங்கு வெறும் சூடாகப் புகைக்குழாய் வழியே வானத்துக்குப் போவது அவனுக்கு நெடுநாள் உறுத்தல். சுவருக்கு அந்தப் பக்கம், அவன் அக்கா வேலை செய்யும் சலவைக்கூடத்தில், தனியாக டீசல் எரித்துக் கொதிகலனில் தண்ணீர் காயவைத்தார்கள். ஐந்து வருஷமாக மேனேஜரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. கொதிகலன் அடிக்கடி படுக்க ஆரம்பித்த பிறகுதான் அவர் இறங்கி வந்தார்.

"செய்யுய்யா. ஆனா இன்ஜின் நின்னா நீதான் பதில் சொல்லணும்."

பழைய இரும்பு டிரம்முக்குள் வளைத்து வளைத்துக் குழாய் பொருத்தினான். குழாய்க்குள் தண்ணீர், வெளியே சுடுபுகை. இரண்டு வாரம் ஞாயிற்றுக்கிழமை கூடப் பார்க்காமல் உழைத்து, ஒரு காலை ஓடவிட்டான். கால் மணி நேரத்தில் இன்ஜின் இருமியது. கரும்புகை கக்கியது. சலவை இயந்திரங்கள் ஈரத் துணியோடு நின்றுபோயின.

"நல்லா இருந்ததைக் கெடுத்து வச்சிருக்கே," என்றார் மேனேஜர், எல்லார் முன்னாலும்.

தப்பு எங்கே என்பது அவனுக்கு உடனே புரிந்தது. சூட்டை ஒரு துளி விடாமல் பிடித்துவிடுகிற ஆசையில் குழாய்களை நெருக்கிவிட்டான். புகை போக வழியில்லாமல் இன்ஜினுக்கு மூச்சு முட்டியிருக்கிறது. டிரம்மைக் கழற்றினான். பாதிக் குழாய்களை எடுத்துவிட்டு, மீதியைத் தள்ளித் தள்ளி வைத்தான். வேண்டாதபோது புகையை நேரே வெளியே திருப்பிவிட ஒரு கதவும் வைத்தான். முதுகு விட்டுப்போயிற்று.

இரண்டாம் முறை இன்ஜின் முனகாமல் ஓடியது. ஆறு மணிக்குக் கிளப்பினால் ஏழு மணிக்குச் சலவைக்கூடத்தில் ஆவி பறக்கும் தண்ணீர். கொதிகலனை மதியத்துக்கு மேல் மூட்டினால் போதும். மேனேஜர் முதுகில் தட்டினார்.

பத்து நாள் கழித்து, சாப்பாட்டு வேளையில் அவள் அவன் அறைக்கு வந்து, கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்தாள். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"என்னக்கா, தண்ணி சூடு பத்தலையா?"

"சூடெல்லாம் பொங்குதுடா. முன்னாடி தண்ணி காய எட்டு மணி ஆகும். அந்த ஒரு மணி நேரம் நாங்க நாலு பேரும் காலை நீட்டி உட்காருவோம். இப்ப உள்ளே நுழைஞ்சதும் துணி காத்திருக்கு."

எந்தச் சூடு எங்கே வீணாகிறது என்று டிகிரிக் கணக்கில் தெரிந்து வைத்திருந்தவனுக்கு இது தெரியவில்லை.

"தினமும் அரை மணி நேரம் டிரம் கதவைத் திறந்து புகையை வெளியே விட்டுடறேன், தண்ணி மெதுவா காயட்டும். கரி தட்டறேன்னு சொல்லிக்கலாம்."

"போடா. நீ உசிரைக் குடுத்துச் செஞ்சதை எனக்காகப் பாழாக்காதே. வாய் இருக்கில்ல, நானே கேக்கறேன்."

மறுநாள் நால்வரும் சேர்ந்து போய் நின்றார்கள். அரை மணி ஓய்வு கேட்டார்கள். மேனேஜர் முகத்தைச் சுளித்து, கடிகாரத்தைப் பார்த்து, கடைசியில் பத்து மணிக்குக் கால் மணி நேரம் என்றார்.

"அவ்வளவுதானா?" என்று கேட்டான் டீசல்.

"இப்போதைக்கு அவ்வளவுதான்," என்றாள் அக்கா. "அடுத்த மாசம் திரும்பக் கேப்போம்."

பிறகு அவள் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அவன் டிரம்மில் கரி சுரண்ட உட்கார்ந்தான். இனி அது வாராவாரம் அவன் வேலை.