கன்னியப்பன் பாதையில் நின்ற ஏழு வருஷம்

ஆம்பூரை அடுத்து, பாலாற்றங்கரை இடுகாட்டுக்குப் போகும் வண்டிப்பாதையில், கன்னியப்பனின் பாடை தூக்குவார் யாருமின்றித் தோள் உயரத்தில் ஏழு வருஷம் நின்றது. தோல் பதனிடும் ஷாப்பின் சுண்ணாம்புத் தொட்டியில் காலமெல்லாம் நின்று, நெஞ்சடைத்துச் செத்தவர் அவர். பாதையின் இருபுறமும் நிலம் வைத்திருந்த வேதாசலம், காலனிப் பிணம் இந்த வழியில் போனதில்லை, இனியும் போகாது என்று குறுக்கே முள் வெட்டிப் போட்டார். காலனிக்காரர்களின் வக்கீல் சங்கீதா கோர்ட்டுக்கு ஓடினாள். வழக்கு முடியும்வரை அந்த இடத்தில் இருக்கிற நிலை அப்படியே இருக்க வேண்டும் என்று மாலைக்குள் உத்தரவு வந்தது. தோள் வலித்த நால்வரும் பாடையை இறக்கப் பார்த்தார்கள். இறங்கவில்லை. மெல்ல விலகிப் பார்த்தார்கள். விழவுமில்லை.

அதன்பின் அங்கே எதுவும் மாறவில்லை. சாமந்தி வாடவில்லை, ஊதுபத்திப் புகை ஒரே வளைவில் நின்றது. உத்தரவு இரு தரப்புக்கும் பொது அல்லவா, வேதாசலத்தின் நெல்லும் பால் பிடித்த பருவத்தோடு நின்றுவிட்டது. விவசாய அதிகாரி வந்து பார்த்து, இது கோர்ட் விஷயம் என்று கிளம்பிவிட்டார்.

மனைவி எல்லம்மா தினமும் ஷூ கம்பெனி வேலை முடிந்து வந்து அவர் முகத்தைப் பார்ப்பாள். அவளுக்குத் தலை நரைத்தது. அவருக்கு அன்று சவரம் செய்த முகம் அப்படியே இருந்தது. போகப்போக அவர் அவளைவிட இளையவராகிவிட்டார். அது பயமாக இருந்தது. வெளியே சொல்ல வெட்கப்படும் அளவுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. கேஸ் ஜெயித்தால் இந்த முகம் மண்ணுக்குப் போய்விடும். ஆனால் பாதி மூடிய அந்தக் கண்கள் ஆற்றுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன.

ஒருநாள் வேதாசலமே வந்தார். "இன்னா எல்லம்மா, கேஸ வாபஸ் வாங்கிக்க. தோல் ஷாப்பு கழிவுக் கால்வா ஓரமா தூக்கினு போய்டு. உனக்கும் பேஜார் வுடும், எனக்கும் நெல்லு வெளையும்."

"காலம் பூரா அந்த நாத்தத்துலதாங்க நின்னாரு," என்றாள் அவள். "போறப்பவும் அதுலயே போவணுமா?"

பாதை பொதுமக்களுக்கானது, செத்தவன் அதில் சேர்த்தி இல்லை, அவனுக்கு ஏது உரிமை என்று மேல்கோர்ட்டில் வேதாசலத்தின் வக்கீல் வாதாடினார். அரசியல் சாசனம் தரும் உயிர் வாழும் உரிமையில் கண்ணியமும் அடங்கும், அது மூச்சோடு முடிவதில்லை, மற்றவர் போகும் வழியில் இவரும் போகலாம், இனி எவரும் போகலாம் என்று தீர்ப்பானது.

அதை அங்கே வாசித்த நேரத்தில் இங்கே சாமந்தி வாடியது, புகை கலைந்தது, நெல் பழுத்துத் தலை சாய்ந்தது. பாடை தாழ்ந்தது. பக்கத்தில் எல்லம்மா மட்டும்தான் இருந்தாள். பெண்கள் தோள் கொடுப்பதில்லை என்று யோசிக்க நேரமில்லை, முன்கொம்பைத் தாங்கிக்கொண்டாள். ஆட்கள் ஓடி வரும்வரை மற்ற மூன்று முனைகளும் காத்திருந்தன.

"வழி கெடச்சிட்சிய்யா, போலாம்," என்று அவர் காதில் சொன்னாள். சொல்லும்போது அழுதாள்.

இப்போது எல்லாப் பிணமும் அந்த வழியில்தான் போகிறது. அந்த இடம் வந்ததும் எந்தச் சாதிப் பாடையானாலும் தோளைவிட்டு ஒரு விரல் எழும்பிச் சற்று நிற்கும். தூக்குபவர்கள் அதற்குள் தோள் மாற்றிக்கொள்வார்கள். போன தை மாதம் வேதாசலத்தின் பாடை மட்டும் நின்றது நின்றபடி நகரவில்லை. ஆள் அனுப்பி எல்லம்மாவைக் கூட்டி வந்தார்கள். அவள் அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"போவட்டும்," என்றாள்.

பாடை தோளுக்கு இறங்கியது. மேளக்காரர்கள் விட்ட இடத்திலிருந்து அடிக்க ஆரம்பித்தார்கள்.