இரண்டு விரல்

கலவைச் சட்டியைத் தலைக்கு ஏற்றிவிடுகிறவளுக்கு ஒரு விதி உண்டு. சும்மாட்டின் மேல் சட்டி உட்கார்ந்தவுடன் கையை எடுத்துவிடக் கூடாது. சுமப்பவள் கழுத்தை நேராக்கி ஒரு காலை முன்னே வைக்கும்வரை இரண்டு விரலாவது விளிம்பில் இருக்க வேண்டும். முன்பே எடுத்தால் கலவை கண்ணில் விழும், இல்லையென்றால் கழுத்து பிசகும். நெட்டை பதினாறு வயதில் கட்டட வேலைக்கு வந்தவள். இருபது வருஷத்தில் அவள் ஏற்றிவிட்ட சட்டி ஒன்றுகூடச் சாய்ந்ததில்லை. உயரமான ஆள் என்பதால் ஏற்றிவிடுகிற வேலை பெரும்பாலும் அவளுக்குத்தான் வரும். அவளோடு சோடியாகச் சட்டி சுமப்பவள் வாயாடி என்று பெயர் வாங்கியவள். தலையில் முப்பது கிலோ இருக்கும்போதும் பேச்சு நிற்காது.

நெட்டையின் மகளுக்குப் பன்னிரண்டு வயது. பிறந்தபோது இத்தனூண்டு இருந்தாள் என்று பூச்சி என்று கூப்பிட்டார்கள், அதுவே நிலைத்துவிட்டது. பூச்சி நடக்கவே ஐந்து வயதானது. பேச்சு பத்துப் பதினைந்து சொல். சட்டையின் கழுத்து உரசினால் அழுவாள். இரும்பு அறுக்கிற சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவாள். அப்பன் இருக்கிறான், வேறொரு வீட்டில்.

இத்தனை வருஷமும் அவளைக் காவலாளியின் தகரக் கொட்டகையில் உட்கார வைத்துவிட்டுத்தான் நெட்டை வேலை பார்த்தாள். போன மழைக்காலத்தில் பூச்சி எழுந்து நடந்து, லிஃப்டுக்காகத் தோண்டிய குழியின் விளிம்பில் போய் நின்றாள். இன்ஜினியர் பார்த்துவிட்டார்.

"இனிமே புள்ளையக் கூட்டிட்டு வர்றதா இருந்தா நீயும் வராத."

கெட்டவரில்லை. பயந்துவிட்டார்.

அதற்குப் பிறகு வழி இரண்டுதான் இருந்தது. ஒன்று, இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கான பகல் பள்ளி. காலையில் விட்டு மாலையில் அழைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, பஸ்ஸில் ஏழு மணி நேரம் தள்ளி ஒரு விடுதி. பகல் பள்ளி ஒரே நிபந்தனை வைத்தது. பிள்ளை தனியாகக் கழிப்பறைக்குப் போய், துணியை இறக்கி, கழுவி, துணியை ஏற்றிக்கொண்டு தானாக வெளியே வர வேண்டும். அறுபது பிள்ளைகளுக்கு இரண்டே ஆயா, கூடப் போய் நிற்க ஆளில்லை. மூன்று மாதம் கழித்துச் சேர்க்கைக்கு முன்னால் பார்ப்பார்கள். அதுவரை அடுத்த அறைக்காரம்மா பகலில் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். அவளும் மகள் வீட்டோடு போய்விடப் போகிறவள்.

அதற்காகத்தான் நெட்டை, மருத்துவமனையின் பின்கட்டில் இருந்த ஆக்குபேஷனல் தெரபி அறைக்கு மகளைக் கூட்டிப் போனாள். கதவில் 'தொழில்வழிச் சிகிச்சை' என்று எழுதியிருந்தது. அங்கே இருந்த பெண்ணை எல்லாரும் டீச்சர் என்றார்கள், இவளும் அப்படியே கூப்பிட்டாள்.

"என்ன தொழில் டீச்சர் சொல்லிக் குடுப்பீங்க? சட்டி தூக்குறதுன்னா நானே சொல்லிக் குடுத்துருவேனே."

"சட்டை போடுறது, பல்லு தேய்க்கிறது, வெளையாடுறது. புள்ளைக்கு இதுதாம்மா தொழில்."

"சம்பளம்?"

"உங்களுக்கு ஒரு நாள் நிம்மதியா உக்கார முடிஞ்சா அதுதான் சம்பளம்."

அறையில் கூரையிலிருந்து ஒரு துணி ஊஞ்சல் தொங்கியது. ஆள் உயரத்தில் பாதிக்கு ஒரு ரப்பர் பந்து. மாட்டி மாட்டி எடுக்கத் துணி கிளிப்புகள் ஒரு டப்பா நிறைய. டீச்சர், பைகளில் மணல் தைத்த ஒரு சட்டையைப் பூச்சிக்குப் போட்டாள். சில பிள்ளைகளுக்கு மேலே பாரம் இருந்தால் மனசு அடங்கும் என்றாள். பூச்சி அடங்கினாள். பிறகு நெட்டை அதைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்து, "ஒண்ணேகால் கிலோ" என்றாள். டீச்சர் உள்பக்கத்துச் சீட்டைப் பார்த்தாள். ஒன்றேகால்தான்.

கழிப்பறை வேலையை டீச்சர் ஒன்பது படியாகப் பிரித்து ஒன்பது படம் வரைந்திருந்தாள். சொல்லிக்கொடுத்தது பின்னாலிருந்து. முதல் எட்டையும் பெரியவர்கள் செய்துவிட வேண்டும். ஒன்பதாவது, பேண்ட்டை இடுப்புக்கு மேல் இழுத்துவிடுகிற அந்தக் கடைசி இழுப்பு, பூச்சியுடையது.

"முடிக்கிறது அவளா இருக்கணும்மா. முடிச்ச ருசி கண்டாதான் அதுக்கு முந்தின படியையும் செய்வா. எட்டு, ஏழுன்னு அப்படியே கீழ எறங்கிப் போகலாம்."

இரண்டு வாரத்துக்கு ஒரு தடவைதான் முறை கிடைத்தது, வரிசையில் அத்தனை பிள்ளைகள். பழக்குகிற கழிப்பறை இடுக்கு. டீச்சர் முன்னால் நின்று படத்தைக் காட்டுவாள், நெட்டை மகளுக்குப் பின்னால் நிற்பாள். வீட்டில் தினமும் செய்துவிட்டு, தானாகச் செய்த படிக்கு மட்டும் தாளில் டிக் போட வேண்டும். நெட்டைக்கு எழுத்து அதிகம் வராது. டிக் போட வந்தது. இரண்டு மாதம் முடியும்போது ஒன்பது கட்டத்திலும் டிக் இருந்தது. வேலை இடத்தில் அந்தத் தாளை மடியிலிருந்து எடுத்துக் காட்டினாள்.

"உன் மவ பாஸ் பண்ணிடுவா. நீதான் எதுலயும் பாஸ் ஆகல" என்றாள் வாயாடி.

பள்ளிக்காரர்கள் பார்க்க மூன்று வாரம் இருந்தபோது, பூச்சி தன்னையே பார்த்துப் பழகட்டும் என்று டீச்சர் பக்கச் சுவரில் ஒரு கண்ணாடியை மாட்டினாள். பூச்சி வரிசையாகச் செய்துகொண்டு வந்தாள். டீச்சர் கண்ணாடியைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மா, உங்க கை எங்க இருக்கு?"

"எங்கயும் இல்லையே டீச்சர்."

"பேண்ட்டுக்குப் பின்னாடி பாருங்க."

நெட்டை குனிந்து பார்த்தாள். அவளுடைய ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மகளின் பேண்ட் பட்டியைப் பின்னால் பிடித்திருந்தன.

"இது... நான் தூக்கல. சும்மா வெச்சிருக்கேன்."

"வீட்லயும் இப்படித்தானா?"

"ரெண்டு விரல்தான டீச்சர்."

"அப்போ அந்த டிக் எல்லாம்?"

"பொய் டிக் ஒண்ணுகூடப் போடல" என்றாள் நெட்டை. முகம் சிவந்துவிட்டது. அவள் சொன்னது உண்மை. விளிம்பில் இரண்டு விரல் வைத்தவளை யாரும் சுமந்தாள் என்று சொல்வதில்லை. சுமந்தவள்தான் சுமந்தவள்.

டீச்சர் சின்ன முக்காலியில் உட்கார்ந்தாள். "உங்க தப்பு மட்டும் இல்லம்மா. ரெண்டு மாசமா நான் முன்னாடியே நின்னு படத்தக் காட்டிட்டிருக்கேன். ஒரு தடவ பின்னாடி வந்து பாத்திருக்கணும்."

அந்த மூன்று வாரமும் நெட்டை பாடுபட்டாள். விரலை எடுத்தால் பூச்சி அப்படியே நின்றுவிடுவாள். அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. பேண்ட்டைத் தொடையளவில் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து வரவேண்டியதற்காகக் காத்திருப்பாள். பத்து நிமிஷமாவது பொறுங்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தாள். ஆறரைக்கு ஆளேற்றுகிற வேன் தெருமுனையில் ஹாரன் அடிக்கும். இரண்டாவது ஹாரனுக்கு விரல் பேண்ட் பட்டிக்குப் போய்விடும். நாளைக்கு விடக் கூடாது என்று நினைத்துக்கொள்வாள். மறுநாளும் ஹாரன் அடிக்கும்.

"கைய முதுகுக்குப் பின்னாடி கட்டி விடட்டாடி?" என்றாள் வாயாடி. "கட்டினாலும் அங்க எதையாவது புடிச்சிட்டுதான் நிக்கும் உன் கை."

பார்க்கிற நாளில் பள்ளியின் ஆயா பூச்சியைக் கழிப்பறை வரை கூட்டிப்போய் விட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்தாள். நெட்டை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. ஏழாவது படி முடிந்தது என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டாள். அப்புறம் சத்தம் ஒன்றுமில்லை. கால் மணி நேரம் பார்த்துவிட்டு, "நீங்களே போய்ப் பாருங்கம்மா" என்றார் தலைமை ஆசிரியை.

பூச்சி கதவுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். நீளச்சட்டை முட்டிவரை மறைத்திருந்தது. இரண்டு கையாலும் பேண்ட்டைத் தொடையில் பிடித்திருந்தாள். எட்டுப் படி முடித்திருந்தாள், தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சிந்தாமல். அம்மாவின் காலடி கேட்டதும், "ம்மா" என்று சொல்லி இடுப்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக் கொடுத்தாள். விரல் வைக்கத் தோதாக.

"எல்லாம் பண்ணியிருக்கா மேடம். இது ஒண்ணுதான்."

"தெரியுதும்மா. அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க."

அடுத்த அறைக்காரம்மா அந்த வாரமே கிளம்பினாள்.

விடுதிக்கு டீச்சர் ஒரு கடிதம் கொடுத்தாள். ஒன்பது படமும் அதில் இருந்தன. கீழே சிவப்பு மையில், 'பின்னால் யாரும் நிற்க வேண்டாம்' என்று எழுதியிருந்தாள். மணல் சட்டையையும் கொடுத்தாள். கணக்குப் புத்தகத்தில் தொலைந்ததாகப் போட்டுக்கொள்கிறேன் என்றாள். பஸ்ஸில் ஏழு மணி நேரமும் பூச்சி அதைப் போட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். விடுதி அம்மா கையை நீட்டியதும் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கத் தெரிந்திருந்தால் பார்த்திருப்பாள். நெட்டை அப்படித்தான் சொல்லிக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் விடுதியிலிருந்து போன் வந்தது.

"உங்க பொண்ணு நல்லா இருக்கா. தானே போறா, தானே வர்றா. ஒரு தொந்தரவும் இல்ல."

நெட்டை கை கழுவாமலே எழுந்து நின்றாள். "பேண்ட்டு?"

"அதையும் அவளே இழுத்துக்கிறா. மொத ரெண்டு நாள் திரும்பி நின்னுட்டே இருந்தா, ரொம்ப நேரம். இங்க யாரு பின்னாடி போய் நிக்கிறது? மூணாம் நாள் அவளே இழுத்துக்கிட்டா."

"அழுதாளா?"

"இல்ல. கையப் பின்னாடி விட்டு ஒரு தடவ தடவிப் பாத்தா. அவ்வளவுதான்."

பகல் பள்ளியில் அந்த இடத்துக்கு வேறு பிள்ளை சேர்ந்தாகிவிட்டது. அடுத்த சேர்க்கைக்குப் பதினோரு மாதம். நெட்டை போனை மடியில் செருகினாள். தட்டில் மீதி இருந்ததை நாய்க்குப் போட்டுவிட்டு வேலைக்கு வந்தாள்.

மூன்றாவது மாடிக்குக் கலவை போய்க்கொண்டிருந்தது. மேலிருந்து கொத்தனார் கத்திக்கொண்டிருந்தார். நெட்டை சட்டியைத் தூக்கி வாயாடியின் தலையில் வைத்தாள். சட்டி உட்கார்ந்தது. வாயாடி கழுத்தை நேராக்கினாள், வலது காலை முன்னே வைத்தாள்.

"உக்காந்துருச்சுடி. கைய எடு."

விளிம்பில் இரண்டு விரலும் இருந்தன.

"எடுடி. நான் போகணும்ல."

வாயாடியால் தலையைத் திருப்ப முடியாது. சட்டிக்குக் கீழே முன்னால் பார்த்தபடி நின்றாள். பிறகு நெட்டை விரலை எடுத்தாள். வாயாடி சாரத்தில் ஏறிப் போனாள். சட்டி சாயவில்லை.