காளிதாஸுக்குத் தெரியாத டச்சு

காளிதாஸ் இரண்டு தடவை தோற்றுவிட்டான். மூன்றாவது தடவைக்கு வருகிற வியாழக்கிழமை தேதி கொடுத்திருந்தார்கள். இடம் அதேதான், கோலாலம்பூரில் உள்ள டச்சுத் தூதரகம்.

கல்யாணம் கட்டிக்கொள்ளப் பரீட்சை கிடையாது. கட்டிய பெண்டாட்டியோடு நெதர்லாந்தில் ஒரே வீட்டில் குடியிருக்கத்தான் டச்சுப் பரீட்சை உண்டு. இப்படி ஒரு சட்டம் உலகத்தில் இருப்பது முப்பத்தெட்டு வயது வரைக்கும் காளிதாஸுக்குத் தெரியாது. இப்போது அவனுக்கு நாற்பத்தொன்று. அரசாங்கங்கள் சட்டம் போடும்போது மலாக்காப் பக்கம் மஸ்ஜித் தானாவில் இருக்கிற லோரி டிரைவரைக் கூப்பிட்டு யோசனை கேட்பதில்லை. கேட்டிருந்தால் அவன் நல்லதாகவே நாலு வார்த்தை சொல்லியிருப்பான், தமிழில்.

சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் பெட்ரோல் ஏற்றுவதற்கு டேங்கர் லோரிகள் வரிசையில் நிற்கும். கேட்டுக்கு உள்ளே கைப்பேசியை நிமிண்டக் கூடாது. ஆகவே கேட்டுக்கு வெளியே காத்திருக்கும் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம்தான் காளிதாஸின் பள்ளிக்கூடம். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, ஸ்டியரிங் மேல் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருப்பான். அடுத்த லோரி வடிவேலு அண்ணனுடையது. அவர் இறங்கி வந்து படியில் காலை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்.

"டேய் காளி, பெலாண்டாக்காரன், அந்த டச்சுக்காரன், மலாக்காவ விட்டுப் போயி எவ்ளோ காலமாச்சு. அவனே போய்ட்டான்லா. நீ என்னமோ அவன் பெட்டிய மறந்து வச்சிட்டுப் போன மாதிரி பின்னாலயே ஓடுற."

"பெட்டி இல்லண்ணே. என் பொண்டாட்டி புள்ள அங்கல்ல இருக்காங்க."

"அப்ப அவங்கள இங்க வரச் சொல்லு. வாறதுக்குப் பரீட்சை இல்லதானே?"

காளிதாஸ் சிரித்துவிட்டு நோட்டைப் பார்ப்பான்.

தாட்சாயினி யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். மூன்று வயதில் அகதியாக நெதர்லாந்து போய், அங்கேயே வளர்ந்து, அந்த நாட்டுக் குடிமகளாகவே ஆனவள். மலாக்கா டவுனில் இருந்த பெரிய மாமா ஸ்ரீஸ்கந்தராஜா வீட்டுக்கு லீவில் வந்தபோது, அவளை விமான நிலையத்திலிருந்து வேனில் ஏற்றிவந்தவன், அப்போது வாடகை வேன் ஓட்டிக்கொண்டிருந்த காளிதாஸ். மூன்று வாரத்தில் மலாக்காவில் பார்ப்பதற்கு எவ்வளவு உண்டோ அதைவிட அதிகமாகவே சுற்றிக் காட்டினான். மெர்லிமாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்த டிரைவருக்குப் போய்ப் பெண்ணைக் கொடுப்பதா என்று மாமா வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, முகத்தில் வைத்திருந்தார்கள். அவள் சட்டை செய்யவில்லை. கோயிலில் தாலி கட்டி, மஸ்ஜித் தானாவில் தாமான் என்கிற குடியிருப்பில் ஒரு வரிசை வீட்டில் ஆறு வருஷம் அவனோடு இருந்தாள். அந்த ஆறு வருஷமும் பொய்யில்லை. இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் அவள்மேல் நமக்குக் கோபம் வரும்.

நெதர்லாந்தில் அவளுடைய அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஐந்து வயது ராகினியைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பினாள்.

"நீங்கள் சோதினையைப் பாஸ் பண்ணுங்கோ. அடுத்த நாளே நான் விண்ணப்பம் போடுறன்" என்றாள் விமான நிலையத்தில். அது நடந்து இரண்டரை வருஷமாகிறது.

பரீட்சை மூன்று பகுதி. அந்த நாட்டைப் பற்றிய கேள்விகளை உருப்போட்டு முதல் தடவையே தேறினான். வாசிப்பையும் தேறினான். பேச்சுதான் காலை வாரியது. பேச்சுப் பரீட்சையில் ஆள் கிடையாது. திரையில் ஒரு பெண் தோன்றிக் கேள்வி கேட்பாள், அப்புறம் அசையாமல் நிற்பாள். நாம் மைக்கைப் பார்த்துப் பேச வேண்டும். காளிதாஸ் எதிராளியின் முகத்தைப் பார்த்துப் பேசியே பழகியவன். புருவம் கொஞ்சம் உயர்ந்தால் இன்னும் சொல்வான், வாய் கோணினால் மாற்றிச் சொல்வான். உறைந்து நிற்கிற முகத்திடம் என்ன பேசுவது? அவன் யோசித்து முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும். இரண்டு தடவையும் இதே கதைதான்.

இந்த முறை ஆன்லைனில் ஒரு டீச்சரிடம் சேர்ந்தான். அந்த அம்மாள் முதல் நாளே ஒரு ரகசியத்தைச் சொல்லிக்கொடுத்தார். பரீட்சையில் உண்மை பேச வேண்டியதில்லை, வாக்கியம் சரியாக இருந்தால் போதும். எந்தக் கேள்விக்கும் ஒரு சுலபமான பதிலை முன்கூட்டியே மனப்பாடம் செய்துவிடுங்கள், பொய்யாக இருந்தாலும் பாதகமில்லை என்றார்.

இது காளிதாஸுக்குப் பிடித்துப்போயிற்று. டச்சில் அவன் வேறொரு காளிதாஸ் ஆனான். அந்தக் காளிதாஸ் மனைவியோடும் மகளோடும் சிறிய வீட்டில் வசிக்கிறான். தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறான். காபியில் சீனி போடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மூவரும் காட்டுக்குள் நடந்துவிட்டு வந்து சூப் குடிக்கிறார்கள். கேட்டுக்கு வெளியே, வெயிலில் காய்ந்துகொண்டிருந்த லோரிக்குள், சீனியைத் தாராளமாகப் போட்ட தே தாரேக் டீயைக் குடித்துக்கொண்டே இதையெல்லாம் திரும்பத் திரும்பச் சொன்னான். நாளாக ஆக அந்த டச்சுக்காரக் காளிதாஸ்மேல் அவனுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

ஆனால் தாட்சாயினியிடம் ஒரு டச்சு வார்த்தை பேசியதில்லை. முதலில் வெட்கம். பிறகு அது ஒரு திட்டமாக மாறியது. தேறி, விசா வாங்கி, விமானத்தை விட்டு இறங்கி, அவள் முன்னால் நின்று மடமடவென்று பேச வேண்டும். அவள் வாயைப் பிளக்க வேண்டும். இரண்டரை வருஷத்தில் அவனுக்கு இருந்த ஒரே ஆடம்பரம் அந்த நினைப்புதான்.

பரீட்சைக்கு முந்திய ஞாயிறு. எல்லா ஞாயிறும்போல மாலை நான்கு மணிக்குக் கூப்பிட்டான், அங்கே காலை. ராகினி வந்தாள். எட்டு வயதாகிவிட்டது. அவளுடைய தமிழ் வாரத்துக்கு வாரம் தேய்ந்துகொண்டிருந்தது.

"அப்பா, எனக்குப் பல்லு... போச்சு. நான் காட்டவா? இருங்க" என்று கைப்பேசியை மேசைமேல் எதிலோ சாத்தி வைத்துவிட்டு மாடிக்கு ஓடினாள். திரையில் ஒரு கிண்ணமும் பாதி ஜன்னலும் தெரிந்தன. பின்னால் சமையலறையில் தாட்சாயினியும் அவளுடைய அக்கா கிருஷ்ணவேணியும் பாத்திரம் கழுவிக்கொண்டே டச்சில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வியாழக்கிழமையா பரீட்சை?" என்றாள் கிருஷ்ணவேணி.

காளிதாஸுக்கு மயிர்க்கூச்செறிந்தது. புரிந்துவிட்டது. டீச்சருடைய நிதானமான டச்சு இல்லை இது, வீட்டில் அள்ளிக் கொட்டுகிற டச்சு, ஆனாலும் புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனான்.

"ஆமாம்" என்றாள் தாட்சாயினி.

"தேறிவிட்டால் என்ன செய்வாய்?"

"தேற மாட்டார்."

இதுவும் புரிந்தது. மூன்று வார்த்தைகூட இல்லை. அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது.

"அவர் நல்ல மனிதர். ஆனால் நான் திரும்பி அந்த வாழ்க்கைக்குப் போக மாட்டேன். அவர் இங்கே வருவதும் எனக்கு வேண்டாம். அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. படித்துக்கொண்டே இருக்கட்டும். அதுவரைக்கும் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை."

"பிள்ளை?"

"பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே."

எல்லாம் ஆரம்பப் பாடத்துச் சொற்கள். நல்ல, மனிதர், வாழ்க்கை, வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை. பெரிய படிப்பு படித்தவர்கள் பேசுகிற பேச்சாக இருந்திருந்தால் அவன் பாட்டுக்குப் பல்லைப் பார்த்துவிட்டுப் போனை வைத்திருப்பான். சொற்களெல்லாம் அவ்வளவு சின்னதாக இருந்தன, ஒன்றுகூடத் தப்பவில்லை.

ராகினி ஒரு சிறிய டப்பாவுக்குள் பல்லோடு வந்தாள். "பாருங்கப்பா."

"நல்லா இருக்கும்மா. பத்திரமா வச்சிக்க" என்றான்.

கடைசியில் தாட்சாயினி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "வியாழக்கிழமை வடிவாச் செய்யுங்கோ. யோசிக்காதேங்கோ" என்றாள்.

"சரி தாட்சா" என்றான்.

மூன்று நாள் லோரி ஓட்டினான். காதில் ஒயர் மாட்டவில்லை. வடிவேலு அண்ணன் படியில் காலை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"என்னடா, படிச்சு முடிச்சிட்டியா?"

"முடிஞ்சிருச்சுண்ணே."

வியாழக்கிழமை விடியற்காலையில் மலாக்கா சென்ட்ரலில் பஸ் ஏறினான். கோலாலம்பூர் போய்ச் சேரும்வரைக்கும் ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தான். தேறினால் தேர்ச்சித் தாளை அவளுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினால் அவள் விண்ணப்பம் போட வேண்டும். போட மாட்டாள். அப்போது அவள் வேண்டாம் என்கிற அந்த வார்த்தையைத் தமிழில் சொல்லியாக வேண்டும். சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு எந்த முகத்தோடு ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்குக் கூப்பிடுவது? கூப்பிட்டால் அவள் எடுப்பாளா? வக்கீல், வழக்கு என்று அந்த நாட்டில் போய் நிற்க அவனால் ஆகுமா? தேறாவிட்டால் ஒன்றும் மாறாது. அவள் சோதினை எப்படி என்று கேட்பாள், மகள் பல்லைக் காட்டுவாள்.

ஆண்பிள்ளை என்றால் முகத்துக்கு நேராகக் கேட்டிருக்க வேண்டாமா என்று யாரும் சொல்லலாம். சொல்வதற்கென்ன. அவர்களுடைய மகள் அடுத்த தெருவில் இருப்பாள்.

தூதரகத்தில் பையையும் கைப்பேசியையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு கணினி. பரீட்சை தொடங்கியது. திரையில் அந்தப் பெண் தோன்றினாள்.

"நீங்கள் யாருடன் வசிக்கிறீர்கள்?"

பதில் நாக்கின் நுனியில் இருந்தது. மனைவியோடும் மகளோடும் சிறிய வீட்டில் வசிக்கிறேன். இலக்கணத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. காளிதாஸ் வாயை மூடிக்கொண்டு அவளைப் பார்த்தான். இந்தத் தடவை அந்த உறைந்த முகம் அவனைப் பயமுறுத்தவில்லை. நேரம் முடிந்தது. அடுத்த கேள்வி வந்தது. எதில் வேலைக்குப் போகிறீர்கள்? சைக்கிளில். சொல்லவில்லை. காபி எப்படிக் குடிப்பீர்கள்? சொல்லவில்லை. இரண்டரை வருஷம் எவற்றுக்கு ஏங்கினானோ அந்தக் கேள்விகளெல்லாம் அவன் பரிதவிக்கப் பரிதவிக்க ஒவ்வொன்றாக வந்து போயின. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அலுவலகப் பெண், மைக் வேலை செய்யவில்லையோ என்று எட்டிப் பார்த்தாள். வேலை செய்கிறது என்று தலையை ஆட்டினான்.

"ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வீர்கள்?"

இதற்கு மட்டும் வாயைத் திறந்தான். காடும் வேண்டாம், சூப்பும் வேண்டாம்.

"ஞாயிற்றுக்கிழமை நான் என் மகளோடு பேசுவேன்" என்றான், டச்சில், தெளிவாக. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு பதிலுக்கு யாருக்கும் பாஸ் போட்டுவிட மாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

சில வாரம் கழித்து மின்னஞ்சல் வந்தது. ஞாயிறு நான்கு மணிக்குக் கூப்பிட்டான்.

"தாட்சா, இந்தத் தடவையும் போச்சு."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். தோள்கள் மெல்லக் கீழே இறங்கின. முகத்தைப் படிக்கத் தெரிந்தவன் அல்லவா, அவன் படித்தான்.

"ஐயோ, பரவாயில்லையப்பா" என்றாள். எத்தனையோ மாதமாக அந்தக் குரலில் இவ்வளவு கனிவு வந்ததில்லை. "கஷ்டமான பாஷைதானே. திரும்பச் செய்வம். சாப்பிட்டீங்களோ? மெலிஞ்சு போனீங்கள்."

"சாப்ட்டேன்."

ராகினி அம்மாவின் தோளை இடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். தமிழில் ஏதோ சொல்லத் தொடங்கி, வார்த்தை கிடைக்காமல், டச்சிலேயே கொட்டினாள்.

"அப்பா, நீங்க எப்ப வருவீங்க? உங்க சைக்கிளுக்கு இடம் விட்டு என் சைக்கிளைச் சுவர் ஓரமா தள்ளி வச்சிருக்கேன்."

தாட்சாயினி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கேள்விக்கான பதில்கூட அவனுக்கு டச்சில் தெரியும். சீக்கிரம் வருவேன். மனப்பாடம்.

"என்னம்மா சொல்ற?" என்றான் காளிதாஸ். "அப்பாவுக்கு ஒன்னும் வெளங்கலையே."

குழந்தை டச்சில் "ஒன்றுமில்லை, விடுங்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அதுவும் அவனுக்கு விளங்கியது.

"அடுத்த சோதினை எப்ப எண்டு பாத்தனீங்களோ?" என்று கேட்டாள் தாட்சாயினி.

"பாத்துட்டேன்" என்றான். "நாளைக்கே பேர் கொடுத்துர்றேன்."