அலமாரியில் ஒரு காலிப் பெட்டி

மலேசியாவில், ஈப்போ நகருக்குப் பக்கத்துச் செமோரில், கிளென் வீட்டுக்குள் நுழைகிறவர்கள் முதலில் பார்ப்பது கூடத்துக் கண்ணாடி அலமாரியைத்தான். சமீப காலம்வரை அதில் கல்யாணப் படம் இருந்தது, மாதா சுரூபம் இருந்தது, இரண்டுக்கும் நடுவில் ஒரு காலி அட்டைப்பெட்டியும் இருந்தது. கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசசர் வந்த பெட்டி. மாதாவுக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டியா என்று சிரிக்காதீர்கள். செம்பனை எண்ணெய் ஆலையில் ஷிப்டு முடித்த கையோடு ஈப்போவில் கடை கடையாக ஏறி இறங்கி, ஒவ்வொரு சாமானாகப் பொறுக்கி வாங்கி, தன் கையாலேயே அவன் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டிய கம்ப்யூட்டர் அது. திரை முதலில் ஒளிர்ந்த அன்று அக்கம்பக்கத்தையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினான்.

அவன் மனைவி வெண்டியும் சும்மா இருக்கவில்லை. ஜன்னல் திரை தைத்ததில் மிஞ்சிய லேஸ் துணியில் கம்ப்யூட்டருக்கு ஓர் உறை தைத்தாள். அந்த வீட்டில் டிவிக்கு உறை, பிரிட்ஜுக்கு உறை, சோறு ஆக்கும் குக்கருக்குக்கூட உறை. கம்ப்யூட்டருக்கு மட்டும் இல்லாவிட்டால் அது கோபித்துக்கொள்ளாதா? ஓடும்போதும் அது உறையோடுதான் ஓடும். தூசி படக்கூடாது என்பது கிளெனின் கட்டளை.

இப்போது அதில் வேலை செய்வது வெண்டிதான். அவர்கள் வளர்ந்த ரப்பர் தோட்டம் செம்பனையாகி, தொழிலாளர் லயங்கள் இருந்த இடம் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகளாகிப் போனாலும், அந்தத் தோட்டத்து ஆட்கள் ஆண்டுக்கொரு முறை கூடிப் பந்து விளையாடுவதை விடவில்லை. குழுக்களின் பெயர்கூட மாறவில்லை: ஆபீஸ் டிவிஷன், ஆத்தோர டிவிஷன், ஸ்டோர் லயம். திடலில் இருவர் போனில் படம் பிடித்து அனுப்புவார்கள். வெண்டி வீட்டில் உட்கார்ந்து அதை ஒன்றாக்கி, கோல் கணக்கைப் போட்டு, வர்ணனையும் சொல்லி நேரலையில் விடுவாள். ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறவர்கள் அவள் குரலுக்காகவே பார்த்தார்கள். பந்து கம்பத்தில் பட்டதும் அவள் போடும் "ஐயையோ"வில் தூங்குகிற பிள்ளை எழுந்துவிடுகிறது என்று செல்லமாகக் குறைபட்டுக்கொள்வார்கள்.

அரையிறுதியில்தான் மானம் போனது. பெனால்ட்டி அடிக்க ஆள் ஓடி வருகிறான், படம் அப்படியே உறைந்துவிட்டது. மறுபடி படம் வந்தபோது ஆட்டக்காரர்கள் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கோல் எப்படிப் போனது என்று நேரலையில் ஒருவருக்கும் தெரியவில்லை.

மறுநாள் போட்டியை நடத்தும் கஸ்பார் போன் செய்தார். "கோச்சிக்காதம்மா வெண்டி. பைனலுக்கு ஈப்போ வீடியோ ஆளுங்களக் கூப்பிடலாம்னு எல்லாரும் சொல்றாங்க. வர்ணனைக்கும் அவங்ககிட்டயே ஆள் இருக்காம்."

"ஒரே ஒரு சான்ஸ் கொடுங்கண்ணே. சனிக்கிழமை நம்ம பசங்க பயிற்சி ஆட்டத்த ஓட்டிக் காட்டுறேன். படம் நின்னுச்சுன்னா அவங்களையே கூப்பிடுங்க."

போனை வைத்துவிட்டு நேரே கிளெனிடம் வந்தாள். "ப்ராசசர மாத்தணும், கிளென்."

"எதுக்கு? நல்லாத்தான ஓடுது. இன்டர்நெட் லைன்தான் சரியில்லலா."

"லைனுக்கு ஒண்ணும் இல்ல. ப்ராசசர் நூறு விழுக்காட்டுல முட்டிக்கிட்டு நிக்குது. நீயே வந்து பாரு."

அவன் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். "நான் தேடித் தேடி வாங்குன சாமான் அது," என்று மட்டும் சொன்னான். வெண்டி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அடுத்த நாள் மாலை கிளென் வேலை முடிந்து வந்து காலிலிருந்து சப்பாத்தைக் கழற்றும்போது அடுப்படியிலிருந்து அவள் குரல் கேட்டது. பயற்றங்காய் நறுக்கிக்கொண்டே, ஆட்டக்காரர்களின் பெயர்களைச் சொல்லித் தனக்குத்தானே பைனல் நடத்திக்கொண்டிருந்தாள். "பந்து பத்துமலைகிட்ட... பத்துமலை சீனிக்குத் தள்ளிட்டாரு... சீனி இடது கால்காரரு, விட்டா போச்சு..." கோல் என்று கத்த வேண்டிய இடம் வந்ததும் குரல் இறங்கி, கத்தியின் சத்தம் மட்டும் கேட்டது.

ஈப்போக்காரனுக்குச் சீனியைத் தெரியுமா, அவன் இடது காலைத்தான் தெரியுமா? விரல்நகம் அளவு சில்லுக்காகப் பெண்டாட்டியின் வாயை அடைக்கப் பார்த்தோமே என்று கிளெனுக்கு வெட்கமாக இருந்தது. கழற்றிய சப்பாத்தைத் திரும்ப மாட்டிக்கொண்டு ஈப்போவுக்கு வண்டியை விட்டான்.

கடை முதலாளியான தவுக்கே, ப்ராசசர் பொருந்தும் மதர்போர்டின் பெயரைக் கேட்டுவிட்டு, அது தாங்கக்கூடியதிலேயே பெரிய ப்ராசசர் ஒன்று செகண்ட்ஹேண்டில் இருக்கிறது, அதற்கும் மேலே போனால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும் என்றார். கிளென் அதையே வாங்கி வந்து தானே மாற்றினான். கம்ப்யூட்டர் ஒரு சிணுங்கல்கூட இல்லாமல் எழுந்தது. மீசையைத் தடவிக்கொண்டு, பழக்கதோஷத்தில் லேஸ் உறையையும் எடுத்துப் பதவிசாக மாட்டினான்.

சனிக்கிழமை கஸ்பார் நேரிலேயே வந்து உட்கார்ந்தார். படம் தண்ணீராக ஓடியது. வெண்டி உற்சாகமாகப் பேச ஆரம்பித்தாள். முதல் பாதி முடிவதற்குள் திரை பொட்டென்று இருண்டது.

"அலாமாக்!" என்று தலையில் கை வைத்தான் கிளென். கஸ்பார் தொண்டையைக் கனைத்தார்.

வெண்டி கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை வெடுக்கென்று இழுத்தாள். "கொதிக்குது, கிளென். பழசு இந்தத் துணியத் தாங்கிக்கிச்சு. இதுக்குச் சூடு அதிகம், காத்து வேணும்." தான் தைத்த உறையைத் தானே உருவிச் சோபாவில் எறிந்தாள். "கொஞ்சம் ஆறட்டும் அண்ணே. ரெண்டாவது பாதிய முழுசாப் பாத்துட்டுப் போங்க."

கஸ்பார் முழுசாகப் பார்த்தார். படம் ஓரிடத்திலும் நிற்கவில்லை. "ஈப்போ ஆளுங்களுக்கு வேணாம்னு சொல்லிடுறேன்," என்றபடி எழுந்தார்.

அன்றே கிளென் பழைய ப்ராசசரை அதன் பெட்டியில் வைத்து மூடி, கட்டிலுக்கு அடியில் தள்ளினான். அலமாரியில் மாதாவுக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியானது.

பைனல் அன்று கூடத்தில் கால் வைக்க இடமில்லை. ஆட்டம் முடியப் போகிற சமயத்தில் சீனி இடது காலால் விட்டான். "கோல்!" என்று வெண்டி கத்தியதும் வலை ஆடுவதுகூடத் தெளிவாகத் தெரிந்தது. கூடமே எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. பக்கத்து வீட்டு ஐயாவு குனிந்து, உறையில்லாமல் விளக்கு மின்ன நின்ற கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"கிளெனு, உன் கம்ப்யூட்டர் பிரமாதம்லா!"

இந்த ஒரு வார்த்தையை இன்னும் யாராவது சொல்ல மாட்டார்களா என்று எத்தனையோ வருஷமாக ஏங்கியவன் அவன். மைக்கின் முன்னால் கண் கலங்கச் சிரித்துக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தான். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பூட்டுனது நான்தாண்ணே," என்றான். "கம்ப்யூட்டர் வெண்டியோடது."