நாற்பது பக்க நோட்டு

"அந்த எடத்த மறுபடி வாசிப்பா" என்றார் ஊர்த்தலைவர் குருநாதன் அம்பலம்.

மருதுபாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தான்: "ஊருணிக்குப் போனால் திரும்பி வராமல் அப்படியே இறங்கிவிடலாமா என்று இருக்கிறது."

முற்றத்தில் கூடியிருந்த ஊர்ப் பெரியவர்கள் உச்சுக்கொட்டினார்கள். கதவோரம் நின்ற ராமலெட்சுமிக்கு உடம்பு கூசியது. தன் நோட்டு புருஷன் கையில் இருப்பதையே அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

அந்த நோட்டை வாங்கித் தந்தவனும் அவன்தான். இரண்டாவது பிள்ளையும் பால்மணம் மாறுமுன் போய்ச் சேர்ந்தபோது, அவள் சோறு தண்ணி இல்லாமல் சுவரையே பார்த்துக் கிடந்தாள். சாயல்குடிக்குப் போனவன் நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் வாங்கி வந்தான். "அஞ்சாவது வரைக்கும் படிச்சவதான? யாருகிட்டயும் சொல்ல முடியாதத இதுல எழுதி வையி. மனசு லேசாகும்" என்றான்.

உண்மையாகவே லேசானது. வயிற்றில் சுடுகாட்டை வைத்திருக்கிறாள் என்று மாமியார் ஏசியதை எழுதினாள். செத்த பிள்ளைகளுக்கு மனசுக்குள் வைத்திருந்த பெயர்களை எழுதினாள். ஊருணியையும் எழுதினாள், எழுதிய பிறகு போய்த் தண்ணீர் மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பினாள். இப்படி ஒரு புருஷன் யாருக்கு வாய்க்கும் என்று பூரித்து, அதையும் அடுத்த பக்கத்தில் எழுதி வைத்தாள், பாவி மகள்.

இப்போது அவனுக்குக் கமுதியில் வேறு பெண் பார்த்தாகிவிட்டது. ஒருத்தி இருக்க இன்னொருத்தியைக் கட்டக்கூடாதென்று டெல்லியில் சட்டம் போட்டார்களே, அதனாலென்ன? ஊர் வழக்கம் இருக்கிறது. பெண்மேல் ஒரு குற்றம் காட்டி, பெரியவர்கள் முன்னால் துரும்பைக் கிள்ளிப் போட்டால் தீர்ந்தது பந்தம்.

"புத்தி பேதலிச்சவளோட எப்பிடிய்யா குடும்பம் நடத்துறது?" என்றான் மருதுபாண்டி.

"அடுத்த பக்கத்தையும் வாசிக்கச் சொல்லுங்க" என்றாள் ராமலெட்சுமி.

அவன் நோட்டை மூடினான். "பொம்பளைக்கு எழுத்து வந்தா இந்தக் கூத்துதான்" என்று அம்பலம் முடித்துவிட்டார். கிள்ளிய துரும்பு அவள் முந்தானையில் விழுந்தது. அவளுடைய தகப்பன் மூக்கையா தலை நிமிரவே இல்லை.

"கொண்டாந்த பண்டபாத்திரத்த எடுத்துக்க தாயி. வேற என்ன வேணும்?" என்றார் அம்பலம்.

"எந்நோட்டு."

"அது எங்காசுல வாங்குனது" என்றான் மருதுபாண்டி.

அம்பலம் யோசித்துத் தலையாட்டினார். "ஞாயந்தான். வாங்குனவனுக்குத்தான பொருளு."

ராமலெட்சுமி நேரே நடந்து வந்து அவன் கையிலிருந்து நோட்டை வாங்கினாள். பத்து வருஷத்தில் அவள் இப்படி அவன் எதிரே வந்து நின்றதில்லை. எழுதிய தாள்களை ஒவ்வொன்றாகக் கிழித்து மடித்து இடுப்பில் செருகினாள். மிச்சத்தை அவன் மடியில் வைத்தாள்.

"எழுதாத தாளெல்லாம் ஒங்களோடது. வச்சுக்கிருங்க."

வாசலில் மூக்கையா மாட்டைப் பூட்டி வண்டியைத் தன் ஊர்ப்பக்கம் திருப்பினார்.

"அங்கன வேணாம்யா. கமுதிக்கு விடுங்க."

"அங்க எதுக்கு ஆத்தா?"

"அவருக்குப் பாத்திருக்குற புள்ள எட்டாவது படிச்சிருக்காம்ல" என்று இடுப்பிலிருந்த தாள்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவள் வண்டியில் ஏறினாள்.